ஒற்றைக் கார் கராஜில் ஒரு ஸ்பிட்ஃபயர்

ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பிரித்துப் பூட்ட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் 1953-ல் நடந்த ஒரு கம்பெனி வியாபாரம். ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃப் கார்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை அந்த வருஷம் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. அதனால் 1959-ல் வெளிவந்த ஹெரால்டு, மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைப்படி தனி சேசிஸோடு வந்தது. கீழே சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாக அடித்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி. அந்த சேசிஸைக் குறுக்கி, இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலொட்டி வரைந்த இரண்டு சீட்டு பாடியை மேலே உட்கார வைத்ததுதான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர்.

பாகங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பி வேறொரு ஊரில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்படித்தான் உருவானது. வண்டலூர் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. என் தாய்மாமா தாம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். ஹெரால்டும் அதன் பின் வந்த ஸ்டாண்டர்டு கெஸலுமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கை. நான் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில், ஸ்பிட்ஃபயர் பிறந்த கேன்லி தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில். அந்த இடத்தில் இப்போது கடைகளும் ஆபீஸ்களும் நிற்கின்றன. ஹெரால்டு அவென்யூ என்று ஒரு தெருப் பெயர் மட்டும் மிச்சம். வண்டி இங்கே, வண்டியைப் பற்றிய அறிவு தாம்பரத்தில். வாட்ஸாப் வீடியோவில் மாமா பார்த்துக்கொண்டே இருக்க, பாதி வேலை அப்படித்தான் நடந்தது.

நான் எடுத்தது 1973-ஆம் வருஷத்து மார்க் ஃபோர், அதாவது ஸ்பிட்ஃபயரின் நான்காம் வடிவம். 1296 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர், மிமோசா மஞ்சள். பல வருஷம் ஒரு கொட்டகையில் நின்ற வண்டி. வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சீட், ஹூட், குரோமியம் எல்லாமே காசு கொடுத்தால் கிடைக்கும். ஸ்பிட்ஃபயரில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று கதவுக்குக் கீழே இருக்கும் சில். மற்றொன்று எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் இரண்டு அரைவட்ட வாஷர். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் உயிர் இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலில் சில். ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டிலும் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்காகக் குறுக்கியபோது அந்தப் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு நடு முதுகெலும்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பக்கவாட்டு பலம் முழுக்க பாடியின் சில்லுக்குப் போய்விட்டது. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்கூட சேசிஸில் மாட்டவில்லை, பாடியில்தான் மாட்டுகிறது. ஆகவே சில் துருப்பிடித்த ஸ்பிட்ஃபயர் பார்க்க அசிங்கமான வண்டி மட்டுமல்ல, நடுவில் தொய்கிற வண்டி. கதவின் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒட்டி, கீழே விரிந்திருந்தால் உள்ளே தகரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

என் வண்டியில் வலது சில் வெளியிலிருந்து பார்க்க நேர்த்தியாக இருந்தது. தட்டினால் சத்தம் மட்டும் மந்தமாக வந்தது. கிரைண்டரால் ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தேன். வெளித் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு வெளித் தகடு, பழசு, துருவில் ஓட்டை ஓட்டையாக. யாரோ ஒருவர் பழைய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்து வெல்டிங் பண்ணி, ஓரத்தைப் பட்டி போட்டு மறைத்திருக்கிறார். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரமான துருத்தூள் கெட்டியாக அடைந்திருந்தது. விரலால் நோண்டினால் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து வந்தது. அதற்கும் உள்ளே இருக்கிற, பலம் கொடுக்கும் தகட்டின் கீழ்ப் பாதி இல்லவே இல்லை.

ஸ்பிட்ஃபயர் சில் மூன்று அடுக்கு. உள் சில், நடுவே பலம் கொடுக்கும் தகடு, வெளி சில். மூன்றும் சேர்ந்து பெட்டியாக இருந்தால்தான் பலம். வெளியே தெரிவதை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. பாதுகாப்பு விஷயத்தில் அதை மன்னிக்க எனக்கு மனசில்லை.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் முன் பக்கத்தில் இருக்கிறது. அதை முதலிலேயே கழற்றி கராஜுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். பேட்டரி கழற்றியாயிற்று. கார்ப்பெட், சீட், ரப்பர் எல்லாம் வெளியே. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் பற்றவைக்கக் கூடாது. சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும்.

பாடியை சேசிஸிலிருந்து தூக்கிவிட்டு சில் வேலை பார்க்கலாம் என்று சிலர் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில் இல்லாத பாடி தனியாக நின்றால் எந்தப் பக்கமும் வளையும். சேசிஸின் மேலேயே, எல்லா மவுண்டிங் போல்ட்டும் முடுக்கிய நிலையில், வண்டியை சமமாக ஸ்டாண்டில் ஏற்றி வைத்துத்தான் வெட்டினேன். கதவைக் கழற்றி, அதன் கீல் போல்ட் ஓட்டையிலிருந்து பின் தூணின் பூட்டு வரைக்கும் சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்கே போட்டு இறுக்கினேன். ஒரு பக்கம் முழுசாக முடிந்து, கதவு மாட்டிப் பார்த்து, இடைவெளி சரி என்று தெரிந்த பிறகே மறுபக்கம் தொட்டேன்.

பழைய ஸ்பாட் வெல்டைத் துரப்பணம் போட்டு எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். துருவைத் தேய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னக் குழியாகத் தெரியும். நடுவில் பஞ்ச் அடித்து, மேல் தகடு மட்டும் வெட்டுப்படும்படி கட்டரை நிறுத்த வேண்டும். அடித்தகட்டையும் துளைத்துவிட்டால் அதையும் நிரப்ப வேண்டியிருக்கும். கை பழகியபின், மேல் தகடு விடுபடும்போது கட்டரின் சத்தம் மாறுவதைக் காது பிடித்துக்கொள்கிறது.

புது சில் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் மலிவாக வாங்கிய ஒரு ஜோடி நீளம் குறைவு, முன் முனையில் மடிப்பு சரியாக உட்காரவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய அச்சிலேயே அடித்தவை விலை கூடத்தான். ஆனால் வைத்தவுடனே பொருந்துகிறது. தகட்டை வளைத்துப் பொருத்தச் செலவாகும் சாயங்காலங்களைக் கணக்குப் பார்த்தால் அதுவே லாபம்.

வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கேஸ். ஒரு மில்லிமீட்டர் சுமாரான தகட்டில் நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஆகவே எங்கும் பிளக் வெல்ட்தான். மேல் தகட்டில் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை, கிளாம்ப் போட்டு இரண்டையும் ஒட்டவைத்து, ஓட்டைக்குள் அடித்தகட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றி நிரப்புவது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இடம் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மூடிப்போகும் பரப்பில் எல்லாம் துத்தநாகப் பிரைமர். ஒவ்வொரு அடுக்கும் ஒட்டுவதற்கு முன்னால் கதவை மாட்டி, சாத்தி, திறந்து பார்த்தேன். கதவைத் தூக்கி மாட்டும் அலுப்பில் இதை விட்டுவிடத் தோன்றும். விடவே கூடாது.

"மாப்ள, டிங்கரிங்கில அவசரப்பட்டவன் உருப்பட்டதில்ல. கதவு சாத்தற சத்தம் எனக்குக் கேக்கணும், போனைக் கிட்ட வை" என்பார் மாமா. சாத்துவேன். "இன்னொரு தரம்" என்பார். அவர் சரி என்று சொன்ன பிறகே அடுத்த அடுக்கு.

சில்லுக்குப் பின்கோடியில், சீட்டுக்குப் பின்னால் ரேடியஸ் ஆர்ம் மாட்டும் இடம் இரட்டைத் தகடு. மண்ணும் தண்ணீரும் தேங்க வசதியான மூலை. இடது பக்கம் அது பப்படம் மாதிரி நொறுங்கியது. அந்த இடத்துக்கு ரெடிமேடு பாகம் வாங்காமல் 1.5 மில்லிமீட்டர் தகட்டில் நானே வெட்டி மடித்துப் போட்டேன். அட்டையில் மாதிரி வெட்டி, பொருந்தும்வரை திருத்தி, பிறகு தகட்டில் வரைந்தால் கணக்கு தப்பாது.

இனி எஞ்சின். இந்த எஞ்சின் குடும்பம் 1953-ல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டின் 803 சி.சி. எஞ்சினிலிருந்து தொடங்குகிறது. மெட்ராஸ் ஹெரால்டின் 948, முதல் ஸ்பிட்ஃபயரின் 1147, என்னுடைய 1296 எல்லாமே அதே வழி. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் இவை எல்லாவற்றிலும் 76 மில்லிமீட்டர்தான். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியாக 1493 சி.சி. எஞ்சினில்தான் அந்தத் தூரத்தை 87.5-ஆக நீட்டினார்கள். அதனால்தான் மாமா என் எஞ்சினை முதல்முறை திரையில் பார்த்தவுடனே "ஓ, இது நம்ம எஞ்சின்" என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி கம்ப்ரெஷனைப் பற்றி இல்லை. "கிராங்க் முன்ன பின்ன ஆடுதா பாரு."

கிளட்ச்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் பிளாக்கில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். அரைவட்டம்தான், முழு வட்டம் இல்லை. தேயத் தேயக் கிராங்க் ஆட்டம் கூடும். ஒரு கட்டத்தில் வாஷர் தன் இடத்தைவிட்டு நழுவி, எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கின் இரும்பிலேயே தேய்க்கும். பிளாக்கும் போச்சு, கிராங்க்கும் போச்சு. நல்ல எஞ்சின்கள் பல இப்படி ஒரு சின்ன வாஷரால் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியும்படி புல்லி முன்னே வந்தால் அந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். வண்டி வாங்கப் போகும்போதே இதைச் செய்து பார்த்துவிடலாம். என் மனைவி மிதித்தாள், நான் சின்ன அசைவையும் அளக்கும் டயல் கேஜைப் புல்லியில் நிறுத்திப் பார்த்தேன். முள் அரை மில்லிமீட்டர் ஓடியது. இருக்க வேண்டியது அதில் பாதிகூட இல்லை.

சம்ப்பை மட்டும் கழற்றி, பின் மெயின் பேரிங் மூடியை எடுத்துவிட்டு, வாஷரைக் கிராங்க்கைச் சுற்றி நழுவவிட்டு மாற்றலாம். எஞ்சினை இறக்க வேண்டிய அவசியமில்லை. நான் இறக்கியதற்குக் காரணம் எல்லா பேரிங்கையும் பார்க்க விரும்பியதுதான். இந்த வண்டியில் எஞ்சின் இறக்குவது ஒரு சந்தோஷம் என்றே சொல்வேன். பானெட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸை மூடியிருக்கும் கூடு காருக்குள்ளிருந்து கழன்று வரும், கியர்பாக்ஸ் சீட் பக்கமாகவே வெளியே வந்துவிடும். வண்டிக்கடியில் மல்லாக்கப் படுக்க வேண்டிய வேலை குறைவு.

பழைய வாஷரை எடுத்துப் பார்த்தபோது பின்பக்கத்து வாஷரின் மேல் பூச்சு முழுக்கப் போய் அடியிலிருந்த எஃகு பளபளத்தது. எண்ணெய் ஓட வேண்டிய கீறல்களில் ஒன்றின் சுவடு மட்டும் நகத்துக்குத் தட்டுப்பட்டது. முன்பக்கத்து வாஷர் ஏறக்குறையப் புதுசு மாதிரி. கிளட்ச் பாரம் எல்லாம் பின்னால் இருப்பதன் மேல்தான் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிளாக்கின் முகம் நல்லவேளையாகத் தப்பித்திருந்தது.

புது வாஷர் போடும்போது கவனிக்க வேண்டியது, எண்ணெய்க் கீறல் உள்ள பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பூச்சில்லாத எஃகு முதுகு கிராங்க்கில் தேயும். ஓவர்சைஸ் வாஷர்களும் கிடைக்கும். நான் பின்னால் ஒரு ஓவர்சைஸும் முன்னால் ஸ்டாண்டர்டும் போட்டு, டயல் கேஜில் 0.15-க்கும் 0.20 மில்லிமீட்டருக்கும் நடுவில் நிறுத்தினேன். "ஆறு தௌ, எட்டு தௌ, அவ்வளவுதான் இருக்கணும். அதுக்கு மேல ஒண்ணும் பேசாத" என்று மாமா சொன்னதும் இதே அளவுதான். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இனி டிராஃபிக்கில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும்.

மற்றபடி எஞ்சினில் பெரிய கதை இல்லை. போர் தேய்மானம் அளவுக்குள் இருந்தது, ஹோன் பண்ணிப் புது ரிங் போட்டேன். மெயின், பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதுசு. ஹெட்டை மட்டும் மெஷின் ஷாப்பில் கொடுத்து எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட வைத்தேன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. பிரிட்டனில் 2000-ஆம் வருஷத்தோடு அந்தப் பெட்ரோல் பொதுவிற்பனையிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாமல் வேகமாக ஓட்டினால் வெறும் வார்ப்பிரும்பு சீட் மெல்ல மெல்லக் குழிந்துபோகும். அடுத்த சங்கடம் எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது அரித்து இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் ஆர்-9 ஹோஸ் முழுக்க மாற்றினேன், ஓட்டுவது ஐந்து சதவீத சூப்பர் கிரேடில்.

டேப்பெட் இடைவெளி பத்து தௌ, குளிர்ந்த எஞ்சினில். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இது மாமாவுக்கு மனப்பாடம்.

கார்பரேட்டர் இரண்டும் எஸ்.யூ. எச்.எஸ்.-2. த்ராட்டில் ஷாஃப்ட் போகும் ஓட்டை தேய்ந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் ஐடிலிங்கில் ஷாஃப்ட் முனையில் கொஞ்சம் லேசான எண்ணெயைத் தடவினால் எஞ்சின் சத்தம் மாறும், அதுதான் அடையாளம். புது புஷ்ஷும் ஷாஃப்ட்டும் போட்டாயிற்று. இரண்டையும் சமப்படுத்தும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்தால் காற்று இழுக்கும் சீறல் கேட்கும். முன் கார்பரேட்டர், பின் கார்பரேட்டர் என்று மாறி மாறிக் கேட்டு, இரண்டு சீறலும் ஒரே சுருதிக்கு வரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அதற்குப் பிறகுதான் கலவை. மேலே டாஷ்பாட்டில் எண்ணெய் விட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது எஞ்சின் திக்கும்.

முன் சஸ்பென்ஷனில் ஒரு பாகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி.-90 கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் காய்ந்து கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். கீழே தண்ணீர் புகும். தண்டு மரைக்கு மேலே துரு அரித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது நடக்கும். ஆனால் எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? நான் இரண்டு பக்கமும் புது ட்ரன்னியன், புதுத் தண்டு போட்டேன். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி மாட்டினால் மாட்டிக்கொள்ளாது, வற்புறுத்தவும் கூடாது. எண்ணெய் செலுத்துவது இனி ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும், நடுவில் மழையில் ஓடினால் மறுபடியும்.

ஜாக்கி ஏற்றியவுடன் பின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்குவதைத் திரையில் பார்த்ததும் மாமா, "ஹெரால்டு இப்படித்தான் நிக்கும். மெட்ராஸ் ரோட்டுல அதோட நாங்க பட்ட பாடு கொஞ்சமா" என்று பழைய நாட்களுக்குப் போய்விட்டார். ஊசல் அச்சு. குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங், அதன் இரு முனையிலும் சக்கரம். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். மார்க் ஃபோரில் இதற்கு ஒரு நல்ல தீர்வு கண்டுபிடித்தார்கள். ஸ்பிரிங்கின் ஒரே ஓர் இலையை மட்டும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலோடு இறுக்கிக் கட்டி, மற்ற இலைகள் நடுவில் ஊசலாடும்படி விட்டார்கள். பாரத்தைத் தாங்கும், ஆனால் வண்டி சாய்வதை எதிர்த்து சக்கரத்தை மடக்காது. குறைந்த செலவில் இத்தனை புத்திசாலித்தனமான திருத்தத்தை நான் வேறு காரில் பார்த்ததில்லை. இதற்குப் பதில் பழைய வகை ஸ்பிரிங் தவறிப் போய் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஒயரிங் பயமுறுத்தும், ஆனால் மின்பாகங்கள் செய்த லூக்காஸ் கம்பெனியின் கலர் முறை தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். பழுப்பு எப்போதும் பேட்டரி கரண்ட், வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே கரண்ட் ஃப்யூஸ் தாண்டி, கருப்பு எர்த். வீட்டு ஒயரிங் கண்ணோடு பார்த்தால் பச்சையை எர்த் என்று நினைத்துவிடுவோம், அது மட்டும் எச்சரிக்கை. விளக்கு மங்கல், இண்டிகேட்டர் தாறுமாறு என்று எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடித் தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, வாஸ்லின் தடவி மறுபடி முடுக்க வேண்டும். பெயின்ட் அடித்த புது பாடியில் இது இன்னும் முக்கியம். பெயின்ட்டுக்கு மேலே முடுக்கினால் எர்த் எங்கே கிடைக்கும்?

பிரேக் முழுக்கப் புதுசு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. காற்றடித்து ஊதவே கூடாது, முகமூடி போட்டு ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டினேன்.

பெயின்ட்டில் நான் ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். எப்பாக்ஸி பிரைமர், பட்டி, தேய்ப்பு வரைக்கும் வீட்டில். மேல் பெயின்ட் வெளியே, பூத் இருக்கும் இடத்தில். இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஒரு தடவை நுரையீரலைக் கெடுத்தால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டு கராஜில் அடிப்பதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கலர் அதே மிமோசா மஞ்சள். சிவப்பு அடிக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. 1973-ல் அந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த நிறம் அது, மாற்றுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பெயின்ட் காய்ந்த பிறகு, சில்லின் உள்ளே நீளமான குழாயை விட்டு மெழுகைப் பீய்ச்சினேன். கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகளில் மெழுகு சொட்டும்வரை. பிறகு அந்த ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி எல்லாம் மறுபடி ஆரம்பத்துக்கு வந்துவிடும்.

பிரிட்டனில் நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால், எம்.ஓ.டி. என்ற வருஷாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் கிடையாது, அதற்கு விண்ணப்பித்தால் போதும். ஆனாலும் நான் சோதனைக்குக் கொண்டுபோனேன். என் கையால் வெல்டிங் செய்த சில்லை, என் கையால் மாட்டிய பிரேக்கை, இதில் எந்தப் பாசமும் இல்லாத ஒருவர் லிஃப்ட்டில் ஏற்றி விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் நடக்கும் ரோட்டில் ஓட்டுகிறோம். பிரேக் பைப் ஒன்றுக்கு கிளிப் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தார், அங்கேயே போட்டாயிற்று.

500 மைல் ஓடியதும் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, டேப்பெட் பார்த்தாயிற்று. டயல் கேஜில் கிராங்க் ஆட்டம் போட்ட அளவிலேயே நிற்கிறது. எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகம் அதிகம் உள்ள வகை. புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் இந்தப் பழைய டேப்பெட்டுகளுக்கு ஆகாது.

மிச்சம் இருப்பது டிஃபரென்ஷியல். 50 மைல் வேகத்தில் ஒரு முனகல் வருகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது. "பினியன் பேரிங்தான், மாப்ள. பேக்லேஷ் பாக்காம பிரிக்காதே" என்றிருக்கிறார் மாமா. பின் ஹப்பைக் கழற்றவும் தனி புல்லர் வேண்டும், சாய்வான ஷாஃப்ட்டில் இறுகி உட்கார்ந்திருக்கும், சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் முனை கெட்டுவிடும். புல்லருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அக்டோபரில் உப்பு தூவத் தொடங்குவதற்கு முன்னால் வண்டியை கராஜுக்குள் ஏற்றிவிட்டு, டிஃபரென்ஷியலை இறக்கப் போகிறேன்.